சமாதானம் சொல்வதும் செய்வதும்



திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிறோம். கைகூப்பித் தலைவணங்க ஒரு நொடி போதும். ஆனால் மலைப்பொழிவில் ஆண்டவர் பேறுபெற்றோர் என அழைப்பது அமைதியை உண்டாக்குகிறவர்களை.

டேனியல் பெரிகன் அமெரிக்க இயேசு சபைக் குரு. 1957-இல் லாமோன்ட் பரிசு பெற்ற கவிஞர். வியட்நாம் போர் மூண்டிருந்த 1967 அக்டோபரில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுடன் வாஷிங்டன் பேரணிக்குச் சென்றார். லிங்கன் நினைவிடத்தில் திரண்ட மக்கள் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனை நோக்கி நடந்தார்கள். அங்கே பெரிகன் கைதாகிச் சிறை சென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் திருத்தந்தை ஆறாம் பவுல் ஐ.நா. அவையில், இனிப் போரே வேண்டாம் என்று மன்றாடியிருந்தார்.

குருவானவருக்கு, அதுவும் கவிதை எழுதுகிறவருக்குப் பேரணியில் என்ன வேலை?

நம் புலவர் கோவூர் கிழாரைப் பாருங்கள். உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி; வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி. இருவரும் சோழர். புலவர் போர்முனைக்கே போனார். எதிரி சூடியது சேரரின் பனம்பூவோ, நம் கொற்கையை ஆண்ட பாண்டியரின் வேப்பம்பூவோ அல்ல; இருவர் தலையிலும் ஆத்திப்பூதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புரியவைத்தார்.

நமக்கோ எல்லா மனிதரும் ஒரே தந்தையின் பிள்ளைகள். அப்படியானால் எந்தப் போரும் உடன்பிறந்தார் சண்டைதானே? அதனால்தான் பெரிகன் எழுதியதோடு நிற்காமல் நடந்தார்.

வரப்புத் தகராறிலும் வாய்க்கால் தண்ணீரிலும் பேச்சு நின்றுபோன வீடுகள் நம் ஊரிலும் உண்டு. அடுத்த ஞாயிறு சமாதானம் சொல்லுமுன், அந்த வாசல்வரை நடந்து போவோம். ஆமென்.