ஊர் கூடி ஆராய்தல்

திருவண்ணாமலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. பெரிய கோயிலுக்கு மறுபுறத்தே, அப்பாதையில் அமைந்த பழமையான ஊர் அடி அண்ணாமலை. முழுமதி நாள்களில் எண்ணிறந்த அடியார்கள் இவ்வழியே நடந்து செல்வர். அவர்களுக்குக் குடிநீர் வேண்டும், விளக்கு வேண்டும், அவர்கள் சென்றபின் தெருவைத் துப்புரவு செய்தலும் வேண்டும். குழாயை எங்கே அமைப்பது? குப்பையை எங்கே சேர்ப்பது? அத்தெருவில் வாழ்வோரைக் கேளாமல் இவற்றை நன்கு முடிவு செய்தல் இயலுமோ? ஓரூரார் ஒதுக்கிய கழிவுநீர் அடுத்த ஊரைச் சென்றடையும் அன்றோ? ஆதலின், ஊர் மன்றங்கள் தம் மக்களைக் கேட்டறிதலும், ஒன்றிடமிருந்து ஒன்று கற்றலும் இன்றியமையாதன.

தன் முறையைத் தானே திருத்திக்கொண்ட மன்றம் ஒன்றை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நமக்குக் காட்டுகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இல், அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தனர். இரண்டே ஆண்டுகளில், 921-இல், அதனைத் திருத்தி விரிவாகப் பொறித்தனர். ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர்.

எனினும், ஓர் உண்மையை மறைத்தலாகாது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே அவ்வாரியங்களில் இடம் இருந்தது. ஏரிநீர் பாய்ச்சி உழுது பயிர் விளைத்தோர்க்கு அங்கு இடமில்லை.

அக்குறை சட்டத்தால் நீங்கியது நம் காலத்திலேயாம். 1992-இல் நிறைவேறிய 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உரிமை அளித்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினரே. அங்குச் சாதி இல்லை. செல்வர், வறியர் என்னும் வேறுபாடும் இல்லை. ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்டிர்க்கு உரியன என 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின.

ஓர் ஊர் கற்றதை மற்றோர் ஊருக்கு அளித்தலும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் 1996-இல் ஊராட்சித் தலைவரான திரு. இளங்கோ, பொறியியல் கற்றவர். ஒடுக்கப்பட்டோரும் பிறரும் அடுத்தடுத்து வாழும் இரட்டை வீடுகள் அவர் காலத்தில் அங்கு எழுந்தன. தாம் பெற்ற பட்டறிவைப் பிற ஊராட்சித் தலைவர்களும் பெறுமாறு அவர் ஒரு பயிற்சிக் கழகத்தையும் நிறுவினார்.

ஆயினும், சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே செல்வோர் மக்களே. கூடியோர் கையொப்பமிட்டுக் கலைந்துவிட்டால், சபை வெறுஞ் சடங்காகிவிடும். "ஏரியைத் தூர்வார எவ்வளவு செலவாயிற்று?" என்று ஒரு மூதாட்டி எழுந்து வினவ, தலைவர் கணக்கேட்டை விரித்து விடை கூறின், அன்றே அது சபையாகும். வினவியவர் ஊரின் நிலையை அறிகின்றார். விடை கூறியவர் ஊரின் தேவையை அறிகின்றார்.

மாணவர்களே, குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் கிராம சபை கூடும். பெற்றோருடன் சென்று ஓரமாக அமர்ந்து கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பியதும் எழுந்து பேசுங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். தேர் செல்லும் வழியை அறிதற்கும் ஊர் கூடவே வேண்டும்.