449 டாலர் வேட்டைத் துப்பாக்கிக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

மலிவு விலை என்றதும் உதட்டைப் பிதுக்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் தூக்கிச் செல்லும், போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் 'போல்ட் ஆக்‌ஷன்' ரைஃபிளை ஒருமுறை உற்றுப் பாருங்கள்!

★ 2012-ல் சந்தையைக் கலக்கிய 'ரூகர் அமெரிக்கன்' ரைஃபிளின் அறிவிப்பு விலை எவ்வளவு தெரியுமா? வெறும் 449 டாலர்! எடை? 3 கிலோகூட இல்லை! தோளில் அணைக்கும் கட்டை வழவழப்பான வால்நட் மரமா என்று தேடாதீர்கள், அது பிளாஸ்டிக்!

★ கைப்பிடியை எவ்வளவு தூக்கினால் போல்ட் திறக்கும்? பழைய ஜெர்மன் மவுசர் ரைஃபிள் பாணியில் 90 டிகிரி. இதில் 70 டிகிரியே போதும்! மேலே தொலைநோக்கி மாட்டியிருந்தாலும் கை இடிக்காது!

★ இதன் குழலுக்குள் ஓடும் சுருள் பள்ளங்களைக் குடைந்து எடுக்கிறார்கள் என்றா நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! பள்ளத்தின் எதிர்வடிவம் கொண்ட கம்பியை உள்ளே செருகி, வெளியிலிருந்து சுத்தியல் இயந்திரத்தால் அடி அடி என்று அடிக்கிறார்கள். சூடேற்றாமலே பள்ளம் பதிந்துவிடுகிறது!

★ '.308 வின்செஸ்டர்' தோட்டா வெடிக்கும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும்? சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை! நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல 4,000 மடங்குக்கும் மேல்! இந்த ரைஃபிளில் அதைத் தடுத்து நிற்பது போல்ட்டின் முனையில் உள்ள மூன்றே மூன்று உலோகப் பற்கள்!

★ குண்டு பறப்பது தெரியும், சுழல்வது தெரியுமா? வினாடிக்கு சுமார் 860 மீட்டர் வேகம்! 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழற்றும் குழல் என்றால், நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளுக்கும் மேல்!

★ மலிவு என்றால் குறி தப்புமா? நல்ல தோட்டாவும் பதறாத கையும் அமைந்தால், 100 கெஜத்துக்கு அப்பால் மூன்று குண்டுகளும் ஓர் அங்குலத்துக்குள் விழலாம்! நம் 10 ரூபாய் நாணயத்தின் அகலமே 27 மில்லிமீட்டர்தான்!

★ இந்த மலிவு வித்தைக்கு வழிகாட்டியது எது தெரியுமா? ஒரு நட்டு! குழலை அளவு பிசகாமல் பொருத்துவது நுணுக்கமான வேலை. 1958-ல் வந்த 'சாவேஜ் 110' ரைஃபிளில் குழலைத் திருகி, அளவு பார்த்து, நட்டால் இறுக்கினார்கள். வேலை முடிந்தது! அடுத்த ஆண்டே இடக்கைக்காரர்களுக்கும் தனி ரைஃபிள்!

★ செலவைக் குறைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு! 1936-ல் பிறந்த 'வின்செஸ்டர் மாடல் 70'-ஐ 1964-ல் சிக்கனமாக மாற்றினார்கள். வேட்டைக்காரர்கள் கொதித்துப்போனார்கள்! '64-க்கு முந்தியது' என்றால் இன்றும் தனி மவுசு, தனி விலை!

★ மான் வேட்டைக்கு விற்ற துப்பாக்கி போருக்குப் போகுமா? போனதே! 1962-ல் வந்த 'ரெமிங்டன் 700'-ஐ அடிப்படையாக வைத்துத்தான் அமெரிக்க மரைன் படையின் எம்40 ஸ்னைப்பர் ரைஃபிள் உருவானது!

★ அமெரிக்க அரசே ஜெர்மனியின் மவுசர் நிறுவனத்துக்குக் காப்புரிமைப் பணம் கட்டிய கதை தெரியுமா? தன் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் மவுசரின் உத்திகளைப் பயன்படுத்தியதற்காக 2 லட்சம் டாலர்!

★ வட துருவப் பகுதியில் ரோந்து போகும் கனடா ரேஞ்சர்கள் 1947-ல் கையில் எடுத்தது லீ என்ஃபீல்டு ரைஃபிள். அதற்கு மாற்று வரத் தொடங்கியது எப்போது? 2018-ல்! உறையும் குளிர், எதிரே பனிக்கரடி, கையில் உலகப்போர் காலத் துப்பாக்கி! 70 ஆண்டு கழித்து வந்த மாற்றாவது தானியங்கியா? அதுவும் போல்ட் ஆக்‌ஷன்தான்!