வாயு என்று விட்டுவிடக் கூடாத வலி

ராத்திரியில் மேல்வயிறு வலித்தால் நம் வீடுகளில் முதலில் வருவது சோடா, அடுத்தது ஓமத் தண்ணீர். பல நேரம் அதுவே போதும். பித்தப்பைக் கல்லின் வலி அதற்கெல்லாம் மசியாது. கல் பித்தப்பையின் வாயில் வந்து அடைத்துக்கொண்டால், வலது விலாவுக்குக் கீழோ நடு மேல்வயிற்றிலோ வலி ஏறி, அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் நிற்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும். ஏப்பம் விட்டாலும் மலம் கழித்தாலும் குறையாது. கல் விலகியதும் சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். வாயு கலைந்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடி போன்ற சிறிய ஊரில் நள்ளிரவில் ஸ்கேனுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் முடிவை எடுக்க ஸ்கேன் தேவையில்லை. முதலில் ஈசிஜி; இதயத்தின் கீழ்ச்சுவரைத் தாக்கும் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாகவே வரும். பிறகு மருத்துவரின் கை. வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னால், வீங்கிய பித்தப்பை விரலில் இடித்ததும் மூச்சு பாதியில் நின்றுவிடும். சிகாகோ அறுவை மருத்துவர் மர்ஃபி 1903-இல் விவரித்த இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. வலி 6 மணி நேரம் தாண்டினாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ பித்தப்பை அழற்சி என்றே எண்ண வேண்டும். காய்ச்சல், நடுக்கம், மஞ்சள் காமாலை மூன்றும் வலியோடு கூடினால் பித்தக் குழாயில் அடைப்பும் தொற்றும் இருக்கலாம். கீழாநெல்லிக்கு அங்கே வேலையில்லை. விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைத்து, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலத்துக்கோ கிளம்பிவிட வேண்டும். முதியவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் காய்ச்சலே தெரியாமல் நோய் முற்றலாம் என்பதால், அவர்கள் விஷயத்தில் இன்னும் சீக்கிரம்.

வலிக்கு ஊசி போட்டால் நோயின் அடையாளம் மறைந்துவிடும் என்பது பழைய அச்சம். ஊசி போட்டபின் பரிசோதித்தாலும் நோயறிதல் பிசகுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து வலியைக் குறைப்பதோடு, நோய் அழற்சியாக முற்றும் வாய்ப்பையும் குறைக்கிறது. சிறுநீரகக் கோளாறு, இதய நோய், வயிற்றுப்புண், கர்ப்பம் இருந்தால் மட்டும் வேறு மருந்து. ஒருவரைத் துடிக்கவிட்டுக் காத்திருப்பதில் மருத்துவ லாபம் எதுவும் இல்லை.

வலி நின்றபின் பித்தப்பையை அகற்றும் ஆபரேஷன் எதற்கு என்பார்கள். வலியே தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம், உண்மைதான். ஆனால் ஒருமுறை வலித்த கல் பெரும்பாலும் மறுபடி வலிக்கும். குழாயில் இறங்கினால் கணையத்தையும் தாக்கும். வாழைத்தண்டுச் சாறு அதைக் கரைக்காது. ஆகவே வலி அடங்கிவிட்டாலும், மறுநாள் வெறும் வயிற்றில் போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.