உங்களுக்குத் தெரியுமா? மூடி வைத்த கணினியையும் அரிக்கும் பேட்டரி

1987-இல் கொமடோர் நிறுவனம் வெளியிட்ட அமிகா 2000 கணினியைத் துணி போர்த்தி அலமாரியில் வைத்துவிட்டால் பத்திரமாக இருக்கும் என்று நம்புவது தவறு. அதன் தாய்ப்பலகையில், 68000 செயலிக்குப் பக்கத்திலேயே, கடிகாரத்துக்காக ஒரு 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருக்கிறார்கள். வயதானால் அது கசியும். கசிவதில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம். முதலில் பேட்டரியின் முனையில் நீலப்பச்சையாகப் பூக்கும். பிறகு பலகையின் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து, மெல்லிய செப்புத் தடங்களைத் தின்றுவிடும். கணினியை அணைத்தே வைத்திருந்தாலும் இது நிற்காது.

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குக் கை வைக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். தடம் அறுந்த பிறகுதான் கோளாறு வெளியே தெரியும். அதற்குள் அரிப்பு பரவியிருக்கும். அசல் பாகத்தை அகற்றினால் பழமை கெடும் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பேட்டரி இல்லாமலும் அமிகா இயங்கும், தேதியும் நேரமும் மட்டுமே மறந்துபோகும். அசல் பலகையே போய்விட்டால் எந்தப் பழமையைக் காப்பது? ஆகவே கணினி கைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, கசிந்த இடத்தில் வினிகர் தடவிக் காரத்தை முறித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுவதே முதல் வேலை.