தாடை மூட்டு: திரும்பப் பெற முடியாததைக் கடைசியாகச் செய்வோம்

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், உள்ளே ஓர் உருண்டை அசைவது தெரியும். அது கீழ்த்தாடையின் குமிழ். முதலில் கதவுக் கீல்போல் சுழலும். வாய் இன்னும் அகலும்போது, மண்டையோட்டுக் குழியை விட்டு முன்னால் சறுக்கும். இரு எலும்புகளுக்கும் நடுவே நார்த்திசுவாலான மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. அது முன்னே விலகியிருந்தால், குமிழ் அதன்மேல் ஏறும்போது 'டக்' என்று கேட்கும். வலியோ வாய் திறப்பதில் தடையோ இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் வந்தால் சிகிச்சை தேவையில்லை. வலிக்கும் தாடைகளிலும் பெரும்பாலும் நோவது மெல்லும் தசைகளே.

1934இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பல் இழப்பால் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதே இந்த வலிகளுக்குக் காரணம் என்றார். அதன்பின் பழி பல் வரிசைமேல் விழுந்தது; கடி சரியில்லை என்று நல்ல பற்களையும் தேய்த்தார்கள். தேய்த்தபின் வலி போனவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1976இல் வெளியான ஓர் ஆய்வில், 25 பேருக்குப் பல்லைத் தேய்ப்பதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். அவர்களில் 16 பேருக்கு வலி அநேகமாக நீங்கியது. தானாகவே ஏறி இறங்கும் இந்த வலியில், குணமானதை வைத்துச் சிகிச்சைக்குச் சான்றிதழ் தர முடியாது. தேய்த்த எனாமலோ மறுபடி வளராது. அறுவையிலும் இதே கதைதான்: 1980களில் வட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருளை வைத்தார்கள். அது நொறுங்கிப் பலருக்குத் தாடை எலும்பையே அரித்தது.

ஆகவே, திரும்பப் பெற முடியாத சிகிச்சை கடைசியாகத்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில நாள் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, உதடு மூடிப் பற்கள் ஒட்டாமல் வைத்திருக்கும் பழக்கம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். இதை அலட்சியம் என்பவர்கள், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட வலிக்கு அது பரிந்துரைப்பவற்றில் உளவியல் சிகிச்சையும் தாடைப் பயிற்சியும் உண்டு; வட்டை அகற்றும் அறுவையை வேண்டாம் என்கிறது. மூட்டு எலும்புகள் ஒட்டிப்போனாலோ கட்டி இருந்தாலோ அறுவை அவசியம். அங்கே பொறுமை ஆபத்து. ஐம்பது வயது கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையே பறிபோகக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.