உங்களுக்குத் தெரியுமா? கீழே விழுந்த பிறகு...

    

● தரையில் மடக்கும் வித்தை பிரேசிலில் இருந்து வந்த புதுச்சரக்கு என்கிறீர்களா? புறநானூற்றின் 80ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. இன்னொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்துப் பின்னால் வளைக்கிறது. இன்றைய ஜியு ஜிட்சு பயிற்றுநர் முதல் மாதத்தில் சொல்லித்தரும் முழங்கால் அழுத்தத்துக்கு நெருங்கிய உறவு இது.

● 1910இல் லண்டனில் காமா பயில்வானை எதிர்கொண்ட போலந்து மல்யுத்த வீரர் ஸ்பிஸ்கோ, குப்புறப் படுத்துக்கொண்டு எழவே மறுத்தார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல்! இரு தோளும் தரையில் பட்டால்தான் தோல்வி என்ற விதிக்கு அது நல்ல தந்திரம். ஆட்டம் சமன். மறுவாரம் ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928இல் பட்டியாலாவில் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்தது. இதே குப்புறப் படுக்கையை இன்றைய கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் செய்தால், முதுகில் ஏறிக் கழுத்தைப் பூட்டிவிடுவார்கள்.

● 1914இல் பிரேசில் சேர்ந்த ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மாயேடாவிடம் கார்லோஸ் கிரேசி கற்றார். அந்தக் குடும்பத்து ஹொய்ஸ் கிரேசி, 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் ஒரே இரவில் மூவரை வென்றார். எடைப் பிரிவே கிடையாத போட்டி அது.

● மலேசியத் தமிழர்களில் கலப்புத் தற்காப்புக் கலையில் உயரம் தொட்டவர் அகிலன் தானி. 2017 மே 26 அன்று சிங்கப்பூரில், ஒன் சாம்பியன்ஷிப்பின் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக, 2008 ஒலிம்பிக் மல்யுத்த வீரர் பென் அஸ்க்ரனைச் சந்தித்தபோது அவருக்கு வயது 21. அகிலன் அதுவரை தோல்வியே காணாதவர். முதல் சுற்றிலேயே அஸ்க்ரன் அவரைக் கீழே தள்ளிக் கைமுக்கோணப் பிடியில் பூட்டினார். அந்தப் பிடி பொல்லாதது: கழுத்தின் ஒரு பக்கத்தை எதிரியின் கை நெரிக்கும், மறுபக்கத்தை நம் தோளே நெரிக்கும். மூச்சு அல்ல, மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடும். சரியாக விழுந்தால் பத்து விநாடி தாங்குவது கடினம். 21 வயதில் அப்படியொரு எதிரியின் முன் நிற்கச் சம்மதித்ததே என் கணக்கில் பெரிது.

● மலாய் உலகத்துக்கும் தரை புதிதல்ல. மினாங்கபாவ் மக்களின் புலிச் சிலாட் முறையில் கையும் காலும் தரையை ஒட்டியே இயங்கும். மலேசியச் சிலாட்டை 2019இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

● பயிற்சிப் பாயில் ராஜாவாக இருப்பவர் தெருவில் படுக்கக் கூடாது. கடை முன் அஞ்சடி நடைபாதையின் கல் விளிம்பு, உடைந்த கண்ணாடி, எதிரியோடு வந்த இரண்டாவது ஆள்... போட்டியில் இவை எதுவும் இல்லை. அதனால் தற்காப்புக்குக் கற்பவர் ஒரு கையை ஊன்றி, மறுகையால் முகத்தைக் காத்தபடி எழுந்து விலகுவதைத்தான் அதிகம் பழக வேண்டும். பூட்டுகள் அப்புறம்.

● மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்ய 99ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. எதிரி மயங்கிய பிறகும் பிடியை விடாமல் இருப்பவர் தற்காப்பு என்று வாதிடுவது கஷ்டம்.

● பயிற்சி வகுப்பில் சேரப் போகிறீர்களா? நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பிடி இறுகினால் ரோஷம் பார்க்காமல் தோல்வியை ஒப்புக்கொண்டு உடனே தட்டுங்கள். படர்தாமரை இருந்தால் ஆறும்வரை பாய்ப் பக்கம் போகாதீர்கள். ஒருவருக்கு வந்தால் வகுப்புக்கே பரவும்.