மேஜைமேல் மலை ரயில்!

ரிட்டயரான அப்பா வீட்டில் எரிந்து எரிந்து விழுகிறாரா? குட்டி ரயில் விடச் சொல்லுங்கள்! அதிலும் டார்ஜிலிங் மாதிரி இரண்டடி அகலத் தண்டவாள மலை ரயில். நிஜ ரயிலே சட்டென்று வளைகிற ஜாதி. மாடலுக்கு இரண்டடிக்கு நாலடிப் பலகை போதும். 76-ல் ஒரு பங்காகச் சுருக்கின வண்டி, 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும். முதலில் ஒரு வட்டம், ஒரு இன்ஜின், இரண்டு பெட்டி. மலையெல்லாம் அப்புறம்!

தண்டவாளத்தில் ஒயர் இணைக்கப் பலர் சால்டரிங் செய்வார்கள். அங்கேதான் உஷார்! ஈயப்பற்றில் இருக்கும் பைன் பிசின் புகை, ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். அவர்களுக்குச் செருகு தண்டவாளமே போதும். மற்றவர்களும் ஜன்னலோரம், புகையை வெளியே தள்ளும் ஃபேன் வைத்துத்தான் செய்யணும். ஈயம் பட்ட கையோடு பஜ்ஜியைத் தொடவே கூடாது. பேரன் கேட்கிறானா? வண்டி ஓட்டக் கொடுங்கள். சால்டரிங் பக்கம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.